விழ விடுங்க, அக்கா

"கிச்சன்!"

வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அங்கிள் போட்ட சத்தத்தில் ஹோல் கூரையில் குந்தியிருந்த புறா ஒன்று எழும்பிப் பறந்தது. நான் குனிந்து காலைப் பார்த்தேன். வலது சப்பாத்தின் நுனி நீல டேப்பைத் தாண்டி உள்ளே, நாலு விரல் அளவு. பந்து எதிர்ப்பக்க மூலையில் விழுந்து, ஒருவராலும் தொட ஏலாமல், சுவரில் பட்டு உருண்டுகொண்டிருந்தது. அப்படி ஒரு அடி.

"நல்ல அடி, பிள்ளை," என்றார் அங்கிள், பந்தைப் பொறுக்கியபடி. "ஆனால் பொயின்ட் எங்களுக்கு."

அன்றைக்கு அது ஐந்தாவது தடவை.

பிக்கிள்போல் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். இந்த விளையாட்டில் வலைக்கு இரண்டு பக்கமும் 7 அடி ஆழத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. கிச்சன் என்பார்கள். அதற்குள்ளே, அல்லது அதன் கோட்டில், கால் வைத்துக்கொண்டு பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. நிலத்தில் ஒருமுறை குத்தி எழும்பிய பந்தென்றால் தாராளமாக உள்ளே போய் அடிக்கலாம். சட்டம் அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்கும் விளங்கியது. என் காலுக்குத்தான் விளங்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் போனது. நாங்கள் விளையாடுவது கொட்டாஞ்சேனையில் ஒரு பெட்மின்டன் ஹோல். நிலத்தில் நிரந்தரமாகப் போட்டிருக்கிற வெள்ளைக் கோடுகள் எல்லாம் பெட்மின்டனுக்கானவை. பெட்மின்டனில் குட்டை சேர்வ் கோடு வலையிலிருந்து 6.5 அடியில் இருக்கிறது. பிக்கிள்போல் கிச்சன் 7 அடி. ஆகவே ஒவ்வொரு முறையும் வெள்ளைக் கோட்டுக்கு ஆறு அங்குலம் பின்னால் நீல டேப் ஒட்டி விளையாடுகிறோம். நான் பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வயதிலிருந்து பெட்மின்டன் விளையாடியவள். பிறகு கல்யாணம், பிள்ளை, வங்கி வேலை என்று இருபத்தைந்து வருடம் றக்கெட்டைத் தொடவில்லை. ஆனாலும் கால் மறக்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் அது தன் வீட்டுக்குப் போவது போல அங்கே போய் நிற்கிறது. டேப்புக்கும் கோட்டுக்கும் இடையே இருக்கிற அந்த ஆறு அங்குலத்தில்தான் நான் பொயின்ட்களை எல்லாம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு பெட்மின்டன் கோர்ட்டில்தான் என்பது பிறகு வாசித்தபோது தெரிந்தது. 1965 கோடை. அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் பெய்ன்பிரிட்ஜ் என்ற தீவு. ஜோயல் பிரிச்சர்ட் என்பவரும் (பின்னாளில் காங்கிரஸ் உறுப்பினரானவர்) அவருடைய நண்பர் பில் பெல்லும் வீட்டுக்கு வந்தால், பிள்ளைகள் செய்ய ஒன்றுமில்லாமல் குழப்படி செய்துகொண்டிருக்கிறார்கள். வளவில் பழைய பெட்மின்டன் கோர்ட் ஒன்று இருந்தது. விளையாடச் சாமான் இல்லை. மேசைப்பந்து மட்டைகளும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் அகப்பட்டன. வலை முதலில் பெட்மின்டன் உயரத்திலேயே, 60 அங்குலத்தில் நின்றது. பந்து தரையில் நன்றாகக் குத்தி எழும்புவதைக் கண்டபின் 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். பார்னி மெக்கலம் என்ற இன்னொரு நண்பரும் சேர, மூவருமாகச் சட்டங்களை எழுதினார்கள். கோர்ட்டின் அளவு இன்றைக்கும் பெட்மின்டன் இரட்டையர் கோர்ட்டின் அளவேதான்: 44 அடிக்கு 20 அடி.

பெயரைப் பற்றி இரண்டு கதை. பிரிச்சர்ட் வீட்டு நாய்க்குப் பிக்கிள்ஸ் என்று பெயர், அதனால் வந்தது என்றது மெக்கலம் பக்கம். நாய் பிறகுதான் வந்தது, படகோட்டத்தில் மிஞ்சினவர்களை எல்லாம் சேர்த்து ஓட்டுகிற படகுக்குப் பிக்கிள் படகு என்று பெயர், அதிலிருந்துதான் வந்தது என்றார் பிரிச்சர்டின் மனைவி ஜோன். என் அம்மா கேட்டவுடனேயே "ஊறுகாய்ப் பந்தோ?" என்றவர். படகுக் கதை உண்மையென்றால் ஊறுகாய் சரியான சொல் இல்லை. ஊறுகாய் என்றால் எங்கள் வீட்டில் தேசிக்காய் மட்டும். மிஞ்சினதை எல்லாம் ஒன்றாகப் போட்டால் அது அச்சாறு. பெட்மின்டன் கோர்ட், மேசைப்பந்து மட்டை, டென்னிஸ் மாதிரித் தாழ்ந்த வலை: இது சுத்தமான அச்சாறுப் பந்துதான்.

நான் இதற்குள் வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. கோட்டையில் என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர், கொட்டாஞ்சேனைக்காரர், ஞாயிறு காலமைகளில் விளையாடுவதாகவும் ஒரு ஆள் குறைகிறது என்றும் சொன்னார். டொக்டர் ஏற்கெனவே சீனி கூடுகிறது, நடக்கச் சொல்லி மிரட்டியிருந்தார். மெரின் டிரைவில் நடந்து பார்த்தேன். வெள்ளவத்தையில் தெரிந்த முகங்கள் கூட, பத்து நிமிஷ நடைக்கு இருபது நிமிஷம் கதை. இது பரவாயில்லை போல இருந்தது.

முதல் மாதம் நான்தான் ராணி. ஸ்மேஷ் அடித்தால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். மற்றவர்களில் பாதிப்பேர் வாழ்க்கையில் ஒரு மட்டையும் பிடிக்காதவர்கள். "அக்கா பழைய சம்பியன்" என்று பேர் வேறு வந்துவிட்டது. அந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். மூன்றாம் மாதம், சேர்வ் கூடப் போடத் தெரியாமல் வந்த அதே ஆட்கள் என்னை 11-4, 11-5 என்று அடித்து அனுப்பத் தொடங்கினார்கள். அவர்கள் செவ்வாயும் வியாழனும் பின்னேரம் கோச்சிங் போகிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாக விளையாடினேன். ஒரு ஞாயிறில் எட்டு ஆட்டம். எட்டிலும் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததையே எட்டு முறை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இதை எனக்குச் சொன்னது மகள். அவள் பாட்டுப் படிக்கிறாள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம். தோற்றுவிட்டு வந்து குளியலறைக் கதவை அடித்துச் சாத்திய ஒரு ஞாயிறு, வெளியே நின்று கேட்டாள்: "நீங்கள் சரளி வரிசை படிச்சனீங்களோ, இல்லாட்டில் நேரே கச்சேரியோ?"

வெள்ளவத்தைக்காரிக்கு டியூஷன் என்றால் புதுசா? எங்கள் ஒழுங்கைகளில் மதிலுக்கு மதில் டியூஷன் போஸ்டர். பிள்ளைக்குக் கணக்குக்கு ஒரு இடம், விஞ்ஞானத்துக்கு ஒரு இடம், பாட்டுக்கு ஒரு இடம் என்று ஓட்டோ பிடித்து அனுப்புகிறோம். எனக்கென்று வரும்போது மட்டும், விளையாட்டுக்கு யாராவது காசு கொடுத்துப் படிப்பார்களா என்று ஒரு நினைப்பு. நாற்பத்தெட்டு வயதில் டியூஷனுக்குப் பேர் கொடுத்தேன்.

கோச் கொட்டாஞ்சேனைப் பெடியன். முன்பு மேசைப்பந்து விளையாடியவர். என்னைவிடப் பதினாறு வயது குறைவு, ஆனால் வகுப்பில் அவர் வாத்தியார், நான் மாணவி, அதில் குழப்பமில்லை. அவருடைய தமிழும் என்னுடைய தமிழும் வேறு. நான் "விளங்கேல்லை" என்றால் அவர் "புரியலையா அக்கா?" என்பார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நாள். கொச்சிக்கடை பக்கம் ரோட்டு நிக்கும். அரை மணித்தியாலம் முன்னாடியே கிளம்பிருங்க." கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை கிட்டத்தான். ஆனால் செவ்வாய்ப் பின்னேரம் கோவிலுக்கு வருகிற சனத்துக்குள்ளால் ஓட்டோ ஊர்ந்து போகும்போது, நடந்தே போயிருக்கலாம் என்று தோன்றும். இரண்டு தரம் நடந்தும் போனேன்.

முதல் வகுப்பில் மட்டையைத் தொடவே விடவில்லை. (பேடில் என்றுதான் சொல்ல வேண்டுமாம். எங்கள் ஹோலில் எல்லாரும் மட்டை என்றுதான் சொல்கிறோம்.) என்னைக் கிச்சன் கோட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து பந்தை மெல்லத் தூக்கிப் போட்டார். நான் செய்ய வேண்டியது, பந்தை ஒருமுறை நிலத்தில் குத்தவிட்டு, எழும்பும்போது கையால் பிடிப்பது. மெத்தச் சுலபம். முதல் பந்து வந்தது. நான் முன்னால் பாய்ந்து அந்தரத்திலேயே பிடித்தேன்.

"விழ விடுங்க, அக்கா."

இரண்டாவது பந்து. அதையும் அந்தரத்தில் பிடித்தேன். மூன்றாவதும் அப்படியே. வெட்கமாகப் போய்விட்டது. பெட்மின்டனில் பூப்பந்து நிலத்தைத் தொட்டால் கதை முடிந்தது. பத்து வருடமாக எனக்குப் பழக்கியது ஒன்றே ஒன்றுதான்: விழ விடாதே. அதைக் கையிலிருந்தும் காலிலிருந்தும் கழற்ற வேண்டியிருந்தது. கோச் அதை விளக்கிச் சொல்லவில்லை. இருபது பந்து போட்டு எனக்கே காட்டினார். இருபதில் பதினொன்றை அந்தரத்தில் பிடித்திருந்தேன். எண்ணியது அவர்.

இந்த விளையாட்டின் நடுத்தூணே விழ விடுவதுதான் என்பது பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. சேர்வ் வந்தால் அதை எடுக்கிறவர் ஒருமுறை குத்தவிட வேண்டும். அவர் திருப்பி அடித்ததைச் சேர்வ் போட்ட பக்கமும் ஒருமுறை குத்தவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தரத்தில் அடிக்கலாம். இதனால் என்ன நடக்கிறது என்றால், சேர்வ் போட்ட சோடி பின்கோட்டிலேயே காத்து நிற்க, சேர்வை எடுத்த சோடி முந்திக்கொண்டு வலைக்கு வந்துவிடுகிறது. டென்னிஸில் சேர்வ் போடுகிறவருக்கு ஒரு மிடுக்கு உண்டு. இங்கே சேர்வ் போட்டவர்தான் இக்கட்டில் நிற்கிறார். வலையடியில் இரண்டு பேர் மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, 22 அடி தள்ளி நின்று மூன்றாவது அடியை நீங்கள் அடிக்க வேண்டும்.

என்னுடைய மூன்றாவது அடி எப்போதும் ஒன்றுதான்: முழு வேகத்தில் ஒரு சாத்து. அது வலையடியில் நிற்கிறவர்களின் நெஞ்சு உயரத்துக்கு நேரே போகும். அவர்கள் அதை என் காலடிக்குத் திருப்பி அனுப்புவார்கள். முதல் மாதம் ஒருவருக்கும் அதை எடுக்கத் தெரியாது. மூன்றாம் மாதம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ராணி ஆட்சி முடிந்த ரகசியம் இதுதான்.

மூன்றாவது அடிக்கு மருந்து, ட்ரொப். பின்கோட்டிலிருந்து பந்தை மெல்லத் தூக்கி, வலையைத் தாண்டியதும் எதிர்ப்பக்கக் கிச்சனுக்குள் விழுகிற மாதிரிப் போடுவது. கிச்சனுக்குள் நின்று அந்தரத்தில் அடிக்கக் கூடாது என்பதால் அவர்கள் பந்தைக் குத்தவிட்டு, கீழிருந்து மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். அந்த இடைவெளியில் நீங்கள் ஓடிப்போய் வலையடிக்கு வந்துவிடலாம். வாசிக்கச் சுகமாக இருக்கிறது. செய்து பார்த்தால் முதல் நாள் இருபதில் ஏழு வலைக்குள், ஒன்பது எதிராளியின் மட்டைக்கு இதமான உயரத்தில், மிச்சம் நாலுதான் சரி.

கோச் என்னை நேரே பின்கோட்டில் நிறுத்தவில்லை. முதலில் கிச்சன் கோட்டில் நின்று எதிர்க் கிச்சனுக்குள் மெல்லத் தட்டுவது. டிங்க் என்பார்கள். அது பத்துக்கு எட்டு வந்ததும் இரண்டு அடி பின்னால். அதுவும் வந்ததும் இன்னும் இரண்டு அடி. வராவிட்டால் திரும்ப முன்னால். ஒரு மாதம் முழுக்கக் கோர்ட்டின் நடுவைத் தாண்டவில்லை. பக்கத்துக் கோர்ட்டில் பெடியன்கள் சத்தம் போட்டு மேட்ச் விளையாட, நான் இங்கே பத்தடியில் நின்று டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தேன். கோபம் கோபமாக வரும். வீட்டுக்குப் போனால் மகள் அதே தாளத்தில் ஸ ரி க ம.

டிங்கில் ஒரு சின்ன நுட்பம், எனக்குப் பிடித்தது. நேரே தட்டுவதைவிடக் குறுக்கே மூலைக்குத் தட்டுவது பத்திரம். வலை ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34. குறுக்கே போகிற பந்து தாழ்ந்த இடத்துக்கு மேலால் போகிறது. போகிற தூரமும் கூட. ஆக, தவறு விடுவதற்கு இடம் கொஞ்சம் அதிகம். இரண்டு அங்குலம்தானே என்று நினைத்திருந்தேன். ஆறு அங்குலத்தில் நான் பட்ட பாட்டுக்குப் பிறகு அங்குலங்களை மதிக்கிறேன்.

மற்றது பிடி. என் பிடி பெட்மின்டன் பிடிதான், அதில் பெரிய பிழையில்லை என்றார். பிழை இறுக்கத்தில். "அக்கா, பொரிச்ச அப்பளத்தைத் தூக்குற மாதிரி பிடிங்க. கையிலயும் நிக்கணும், உடையவும் கூடாது." அன்றிலிருந்து ட்ரொப் போடும் ஒவ்வொரு தரமும் வாய்க்குள் "அப்பளம், அப்பளம்" என்று சொல்லிக்கொள்கிறேன். பக்கத்தில் சோடியாக விளையாடுகிறவர் எனக்குப் பசிக்கிறது என்று நினைத்தார். மணிக்கட்டைச் சுண்டுவதையும் நிறுத்தச் சொன்னார். தோளிலிருந்து தள்ள வேண்டும். மணிக்கட்டு சும்மா இருக்க வேண்டும். பெட்மின்டன்காரியின் மொத்தச் சொத்தே மணிக்கட்டுத்தான். அதைச் சும்மா இருக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

ஒரு வியாழன், கோச் ஃபோனை ஒரு கதிரையில் சாய்த்து வைத்துப் பத்து நிமிஷம் வீடியோ எடுத்தார். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் எதற்குக் காசு கொடுக்கிறேன் என்று சரியாக விளங்கியது. என் மனதில், அடித்து முடிந்ததும் மட்டையை நெஞ்சுக்கு முன்னால் தூக்கி வைத்துக்கொண்டு தயாராக நிற்கிறேன். வீடியோவில், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் மட்டை முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது, சந்தைக்குப் போய் வருகிறவளின் பை மாதிரி. அடுத்த பந்து வந்ததும் அவசரமாக அங்கிருந்து தூக்குகிறேன். "நான் சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் எடுத்தேன்," என்றார். உண்மைதான், நம்பியிருக்க மாட்டேன். தனியே பழகுவதில் இருக்கிற பெரிய சிக்கல் இது. பிழையையும் நாம் ஒழுங்காகப் பழகிக்கொண்டே இருப்போம்.

தனியாகவும் பழகினேன். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் மேல்மாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சுவர் இருக்கிறது. அதில் 34 அங்குலத்தில் சோக்கால் ஒரு கோடு கீறி, காலமை ஆறு மணிக்கு இருபது நிமிஷம். ஐந்தாம் நாள் கீழ்வீட்டு மாமி படியேறி வந்தார். "பிள்ளை, ஆரோ தலைக்கு மேல தேங்காய் உடைக்கிற மாதிரிக் கிடக்கு." பிக்கிள்போல் சத்தத்தால் அமெரிக்காவில் அயலவர்கள் வழக்கு வரை போயிருக்கிறார்கள், மாமி தேத்தண்ணியோடு சமாதானமாகப் போனார். இப்போது ஸ்பொஞ்ச் பந்து. சத்தமில்லை, எழும்புவது கொஞ்சம் வித்தியாசம், ஆனாலும் மணிக்கட்டைச் சும்மா வைத்திருக்கப் பழக அது போதும். வெளியே உண்மையான பந்தோடு பழகலாம் என்றால் கடற்காற்று விடாது. உள்ளரங்கப் பந்துக்குப் பெரிய ஓட்டைகள், 26. வெளியே விளையாடுகிற பந்துக்குச் சின்ன ஓட்டைகள், 40, கொஞ்சம் பாரமும் கூட. அதையே எங்கள் மேல்மாடிக் காற்று ஒரு பின்னேரம் அடுத்த ஃபிளாட்டின் மாமரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது.

ஒரு கொப்பியும் வைத்திருக்கிறேன். வங்கிக்காரியின் வியாதி. திகதி, சேர்வ் இருபதில் பின்பக்கம் ஆழமாக விழுந்தது எத்தனை, ட்ரொப் இருபதில் எத்தனை. இரண்டே நிரல். ட்ரொப் நாலில் தொடங்கி ஆறு, ஆறு, ஒன்பது, பதினொன்று என்று ஏறி வந்தது. பிறகு திடீரென்று ஏழு, ஆறு, ஏழு.

ஏன் விழுந்தது என்றால், கோச் பயிற்சியை மாற்றிவிட்டார். அதுவரை ட்ரொப் என்றால் இருபதும் ட்ரொப், சேர்வ் என்றால் இருபதும் சேர்வ். இனிமேல் கலந்து: ஒரு ட்ரொப், ஒரு சாத்து, ஒரு டிங்க், எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார். எனக்கு எல்லாமே குழம்பிப்போய்விட்டது. வந்துகொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டாரே என்று கொஞ்சம் கோபத்தோடு இரவில் இருந்து தேடியபோது ஒரு பழைய ஆய்வு கிடைத்தது. வேறெதிலும் இல்லை, பெட்மின்டன் சேர்விலேயே செய்தது. 1986-இல் குட், மகில் என்ற இரண்டு ஆய்வாளர்கள், புதிதாகப் பழகுகிற பெண்களுக்கு மூன்று வகை சேர்வ்களைக் கிழமைக்கு மூன்று நாளாக மூன்று கிழமை பழக்கினார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு நாளில் ஒரே வகை. இன்னொரு கூட்டத்துக்கு மூன்றையும் ஒழுங்கில்லாமல் கலந்து. பயிற்சி முடிந்து பிறகு சோதித்தபோது, கலந்து பழகினவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். பழகாத மறுபக்கத்திலிருந்து போடச் சொன்னபோதும் அவர்களே முன்னால். ஆட்டத்தில் ஒருவரும் இருபது ட்ரொப்பை வரிசையாகக் கேட்க மாட்டார்கள் என்று யோசித்தால் இது சரிதான். அடுத்த செவ்வாய் கோச்சிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னேன். "ஓ, அப்படியா?" என்றார். அவருக்குத் தன் மேசைப்பந்துக் கோச்சிடமிருந்து தெரிந்திருந்தது, ஆய்வு இல்லாமலே.

கொப்பியில் அந்த ஏழு, ஆறு, ஏழு மூன்று கிழமைக்கு இருந்தது. நாலாம் கிழமை பத்து. இப்போது பன்னிரண்டு, பதின்மூன்றில் நிற்கிறது. கலந்து அடித்துப் பதின்மூன்று. பழைய பதினொன்றைவிட இதன் பெறுமதி கூட.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்களாக இருப்பீர்கள். தலைக்கு மேலால் போகிற பந்துக்குப் பின்பக்கமாக ஓடாதீர்கள். எங்கள் ஹோலில் ஒருவர் அப்படி ஓடி, மல்லாக்க விழுந்து, கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். திரும்பி, பக்கவாட்டில் ஓட வேண்டும். அதையும் ஒரு முழு வகுப்புப் பழக்கினார்கள், பந்தே இல்லாமல். நடக்கிற சப்பாத்தோடு வராதீர்கள், பக்கவாட்டில் கணுக்கால் மடங்கும். வியர்வை வேறு. பெட்மின்டனுக்கென்று கதவை எல்லாம் பூட்டி, காற்றாடியை நிறுத்தி வைக்கிற ஹோல் அது, பூப்பந்து காற்றுக்கு அலையும் என்று. நாங்கள் போனதும் செய்கிற முதல் வேலை கதவுகளைத் திறப்பது. அப்படியிருந்தும் ஒரு மணித்தியாலத்தில் உடுப்பைப் பிழியலாம். வெறும் தண்ணீர் குடித்துக் குடித்து ஒருநாள் தலை சுற்றியபின் போத்தலில் ஜீவனி கரைத்துக் கொண்டுபோகிறேன். சீனி இருக்கிறவர்கள் அதையும் டொக்டரிடம் கேட்டுக் குடியுங்கள், நான் கேட்டேன்.

சென்னையில் இருக்கிற மச்சாளுக்கு இதையெல்லாம் சொன்னால் அவள் நடிகை சமந்தாவைப் பற்றிக் கதைக்கிறாள். 2025 தொடக்கத்தில் மும்பையில் நடந்த பிக்கிள்போல் லீக்கில் சென்னை அணி சமந்தாவுடையது. அங்கே இப்போது இது பெரிய மோஸ்தர். எனக்கு அதைவிடப் பிடித்த கதை அனா லீ வோட்டர்ஸுடையது. 2017-இல் இர்மா சூறாவளிக்குப் பயந்து புளோரிடாவிலிருந்து தாயும் மகளும் பென்சில்வேனியாவில் தாத்தா வீட்டுக்குப் போகிறார்கள். தாத்தா இந்த விளையாட்டைக் காட்டிக் கொடுக்கிறார். மகள் அனா லீக்கு அப்போது பத்து வயது. தாயும் மகளும் சோடியாகவே தொழில்முறைப் போட்டிகளுக்குப் போனார்கள். மகள் உலகின் முதல் இடத்துக்கு வந்தாள். 2025-இல் ஆந்த்ரே அகாசி, 55 வயதில், அவளோடு சோடி சேர்ந்து அமெரிக்க ஓப்பன் பிக்கிள்போலில் இறங்கினார். எட்டு கிராண்ட்ஸ்லாம் வென்ற மனுஷன். இரண்டாவது ஆட்டத்தில் தோற்று வெளியே வந்தார்கள். அந்த வீடியோவை நான் பார்த்தது வேறு காரணத்துக்காக. அவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க. கிச்சன் கோட்டடியில் என்ன செய்கிறார் என்று பார்க்க. வேறொரு விளையாட்டில் பழகிய கால் இந்தக் கோட்டில் எப்படி நிற்கும் என்று இன்னொருவரிடம் பார்க்க ஆசை.

என் மகளையும் விளையாடக் கூப்பிட்டேன். வந்தாள், இரண்டு ஞாயிறு. ஒரு பழைய பழக்கமும் இல்லாததால் கோச் சொன்னதை அப்படியே செய்தாள். கால் ஒருநாளும் டேப்பைத் தொடவில்லை. பிறகு பரீட்சை என்று நின்றுவிட்டாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான், உண்மையைச் சொன்னால்.

நான் இப்போது எப்படி விளையாடுகிறேன்? ராணி திரும்ப வரவில்லை. அந்த அங்கிளும் அவருடைய சோடியும் இன்னும் என்னைத் தோற்கடிக்கிறார்கள், ஆனால் 11-9, 12-10 என்று. போன ஞாயிறு 9-9 இல், சேர்வ் எங்கள் பக்கம். என் சோடி "நைன், நைன், டூ" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுச் சேர்வ் போட்டார். (ஆட்டம் தொடங்கும்போது "சைபர், சைபர், டூ" என்று சொல்ல வேண்டும். ஏன் டூ என்று ஒவ்வொரு புது ஆளும் கேட்பார்கள். முதலில் சேர்வ் போடுகிற பக்கத்துக்கு இரண்டு பேருக்குப் பதிலாக ஒருவருக்குத்தான் சேர்வ். அதனால் இரண்டாம் ஆளாகவே தொடங்குகிறார். பதினைந்து தரம் கேட்டால் விளங்கும்.) அங்கிள் திருப்பி என் பக்கத்துக்கு ஆழமாக அடித்தார். குத்தவிட்டேன். அப்பளம். பந்து மேலே போய், வலையடியில் நின்ற இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் காலுக்கு முன்னால் கிச்சனுக்குள் விழுந்தது. நானும் என் சோடியும் முன்னால் ஓடினோம். டிங்க், டிங்க், டிங்க். எத்தனை என்று எண்ணவில்லை. கடைசியில் அங்கிளின் பந்து கொஞ்சம் உயர வந்தது. சாத்தினேன். அவராலும் எடுக்க முடியவில்லை.

நிலத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அங்கிள்தான் குனிந்து பார்த்தார், வலைக்கு அடியால், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு.

"வெளியிலதான் நிக்கிறீர்," என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததென்றே நினைக்கிறேன்.

அடுத்த மூன்று பொயின்டும் அவர்கள் எடுத்து 12-10 இல் வென்றது வேறு கதை. என் பேக்ஹேண்டுக்கே தொடர்ந்து அடித்தார்கள். அது இன்னும் சந்தைப் பை மாதிரித்தான் இருக்கிறது. இந்த வியாழனிலிருந்து பேக்ஹேண்ட் என்று கோச் சொல்லியிருக்கிறார். நீல டேப்பும் முடிந்துவிட்டது. நாளைக்கு வேலை முடிந்து வரும்போது காலி வீதியில் இறங்கி ஒரு ரோல் வாங்க வேண்டும்.